பாசியும் தையல்சிட்டும்: ப்ராஜெக்டில் என்ன எழுதுவது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ‘ஃபியுனேரியா பாசியையும் தையல்சிட்டையும் ஒப்பிடுக’ என்று ப்ராஜெக்ட். செடிக்கும் குருவிக்கும் என்ன ஒப்பீடு? கடையில் ரெடிமேட் சார்ட் 600 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- ஒரு தாய், குன்னூர்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. போன மாதம் அப்படியொரு சார்ட்டைப் பார்த்தேன். ‘பாசி’ என்று ஒட்டியிருந்தது குளத்தில் மிதக்கும் பச்சை நூல். அது ஆல்கா. தமிழில் இரண்டையும் பாசி என்றே சொல்வதால் வந்த வினை. உங்களுக்கு வேண்டியது ஈர மண்ணில் வெல்வெட் விரித்தாற்போல் வளர்வது. கிள்ளிப் பார்த்தால் குட்டிக் குட்டி இலை தெரியும். இன்னொரு கடையில் தையல்சிட்டின் நிஜக் கூட்டையே பிய்த்து அட்டையில் ஒட்டி விற்றார்கள். காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக் கணக்குதான். மார்க் போடுகிறவர்களோ ஜிகினா எவ்வளவு என்று பார்க்கிறார்கள்.

வேற்றுமையை நாலு வரியில் முடித்துவிடலாம். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, குட்டையாகவே இருக்கும், ஆண் அணு நீந்திப் போகத் தண்ணீர் வேண்டும். சிட்டு பத்து கிராம் தேறினால் அதிகம்.

ஒற்றுமைதான் விஷயம்: பிள்ளை வளர்ப்பு. சிட்டு இலை ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் நுழைத்துக் கூடு தைத்து, குஞ்சுக்குப் பூச்சி ஊட்டும். பாசியின் உச்சியில் மெல்லிய காம்பு ஒன்று, தலையில் குடுவையோடு நிற்கும். பூ என்று நினைக்கிறோம். பாசியின் பிள்ளையே அதுதான். தாய் என்பது கீழே இருக்கும் இலைப் பாசி. அதன் செல்லில் குரோமோசோம் (மரபுக் குறிப்பைச் சுமக்கும் இழை) ஒற்றைத் தொகுதி, பிள்ளைக்கு இரட்டை. தண்ணீரும் உப்பும் தாயிடமிருந்துதான்.

ஆனால் ‘முழுக்கத் தாயையே சார்ந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். குடுவை இளசாக இருக்கும்போது பச்சையாக இருக்கும். தன் சாப்பாட்டில் ஒரு பங்கைத் தானே தயாரித்துக்கொள்ளும். பழுப்பானதும் அந்தச் சமையல் நின்றுவிடும். அப்போதும், அதற்கு முன்னும், தாயைப் பிரிந்து தனியாக மண்ணில் நிற்க அதனால் முடியாது. ஆகவே ‘ஓரளவு சார்ந்தது’. கைடில் ‘ஒட்டுண்ணி’ என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

வீட்டுத் தோட்டத்தில் ஃபியுனேரியா கிடைத்தால், காய்ந்த காம்பு ஒன்றை எடுத்து மகளை அதன்மேல் வாயால் ஆவி ஊதச் சொல்லுங்கள். ஈரம் பட்டதும் முறுக்கு மாறிச் சுழலும். சார்ட்டில் இதை ஒட்ட முடியாது. தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள்.