கினிப்பன்றிக்கு மூக்கில் ரத்தம்: முயல் தீவனம் போதாது

கேள்வி: ஐயா, நாங்கள் பெருந்துறைப் பக்கம் ஆடு, மாடு வைத்திருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு மாதத்துக்கு முன்பு ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி கினிப்பன்றி வாங்கினோம். கடையில் கொடுத்த முயல் குச்சித் தீவனமும் கொஞ்சம் வைக்கோலும் போடுகிறோம். நேற்றுக் காலை பெண் கினிப்பன்றியின் மூக்கில் ரத்தம் வந்து சிறிது நேரத்தில் நின்றது. நான்கு நாளாகவே பின்னங்காலை இழுத்து நடக்கிறது, தூக்கினால் கத்துகிறது. கடைக்காரர் சளி என்று சொல்லி அமாக்சிசிலின் சொட்டு மருந்து தந்தார். இன்னும் கொடுக்கவில்லை. மஞ்சள் குழைத்து மூக்கில் தடவினால் போதுமா?

பதில்: அந்த மருந்தை இன்னும் கொடுக்காமல் இருக்கிறீர்களே அம்மா, அதுவே நல்லது. இனியும் கொடுக்காதீர்கள். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அந்த இடத்தில் நச்சுக் கிருமி பெருகி, சில நாளிலேயே கழிச்சல் கண்டு பிராணி இறந்துவிடும். ஆட்டுக்கும் நாய்க்கும் ஒத்துக்கொள்ளும் மருந்து இதற்கு விஷம். கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஆன்டிபயாட்டிக் விற்பவரிடம் இனி மருந்தே கேட்காதீர்கள்.

மஞ்சளும் வேண்டாம். கினிப்பன்றி மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். குழம்பாக எதைத் தடவினாலும் துளை அடைத்து மூச்சு முட்டும். ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள்; மூக்குக்குள் எதையும் நுழைக்காதீர்கள், மல்லாக்கப் போடாதீர்கள். காற்றோட்டமான, குளிர்ச்சியான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். முதலுதவி அவ்வளவுதான்.

ரத்தம் நின்றுவிட்டது என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 800 கிராம் எடையுள்ள கினிப்பன்றியின் உடம்பில் மொத்த ரத்தமே 60 மில்லிக்குள்தான். ஒரு தேக்கரண்டி போனாலே கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. மறுபடி ரத்தம் வந்தாலோ, நுரையோடு வந்தாலோ, மூச்சு இரைத்தாலோ, ஈறு வெளுத்தாலோ நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். அரை நாள் தீனி தொடாமல் இருந்தாலும் அதே அவசரம்தான். இதற்குக் குடல் ஓட்டம் நின்றால் உயிருக்கே ஆபத்து.

மூக்கில் ரத்தம் வரக் காரணம் பல உண்டு: கீழே விழுந்த அடி, மூக்கில் குத்திய வைக்கோல் துரும்பு, பல் வேரில் சீழ், நுரையீரல் சளி. தோட்டத்தில் எலி மருந்து வைத்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை வேறு.

ஆனால், நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது பின்னங்காலும் முயல் தீவனமும்தான். முயல் தன் உடம்பிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். கினிப்பன்றியால் முடியாது; நம்மைப் போலவே தினமும் உணவில் கிடைத்தாக வேண்டும். முயல் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை, வைக்கோலிலும் சொல்லும்படி இல்லை. இரண்டு மூன்று வாரம் கிடைக்காமல் போனாலே ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோய் தலைகாட்டும். மூட்டில் ரத்தம் கட்டி வலிக்கும், அதனால் நடக்காது, தொட்டால் கத்தும். ஈறு கசியும், ரோமம் சிலிர்த்து நிற்கும், மூக்கிலும் ரத்தம் வரலாம். உங்கள் பிராணிக்கு இதுதானா என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் தீவனத்தை இன்றைக்கே மாற்றுங்கள்.

இதைத் தெரிந்தும் முயல் தீவனத்தைக் கையில் திணித்து அனுப்பும் வியாபாரிகள் மேல் எனக்குக் கடுங்கோபம் உண்டு. கினிப்பன்றிக்கென்றே வரும் தீவனம் என்றாலும் மூட்டை பிரித்து சில்லறையில் அளந்து விற்பதை வாங்காதீர்கள். வைட்டமின் சி வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடும். தயாரித்து மூன்று மாதமானால் அதை நம்ப முடியாது. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டும் வீண் செலவு. வெளிச்சம் பட்ட தண்ணீரில் அது சீக்கிரம் அழிந்துபோகும். போதாததற்கு, ருசி மாறியதால் பிராணி தண்ணீரையே குறைத்துக்கொள்ளும்.

நம் ஊரில் கொய்யா இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். சுண்டுவிரல் நுனியளவு கொய்யாத் துண்டு ஒன்றிரண்டிலேயே அது கிடைத்துவிடும். பழம் அதிகமானால் கழியும், அளவு முக்கியம். குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழையும் நல்லது. நெல்லிக்காயில் சத்து மிக அதிகம், ஆனால் புளிப்புக்குப் பயந்து பல கினிப்பன்றிகள் தொடாது. மருந்தடிக்காத அருகம்புல் எந்நேரமும் கூண்டில் கிடக்கட்டும். தினத் தீனியில் பெரும்பங்கு புல்லாகத்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஸ்கர்வி வந்திருந்தால் கொய்யா மட்டும் போதாது, மருத்துவர் ஊசியாகவோ மருந்தாகவோ கூடுதல் அளவு கொடுப்பார்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை. ஆணும் பெண்ணும் இரண்டு மாதமாக ஒரே கூண்டில் இருந்தால் பெண் சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சினைக்காலம் 59 முதல் 72 நாள், ஈற்று நெருங்கியிருக்கலாம். சினையில் வைட்டமின் சி தேவை இன்னும் கூடும். அப்படியானால், குட்டிகளை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அது வெறும் குச்சித் தீவனம் தின்றிருக்கிறது. நீங்கள் வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான். அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, துணி விரித்து, வெயில் ஏறுமுன் கொண்டு போங்கள். தீவனப் பையையும் அந்தச் சொட்டு மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணையும் தனிப் பெட்டியில் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அதுவும் அதே தீவனத்தைத்தான் தின்றிருக்கிறது. ஈன்ற அன்றே பெண் மறுபடி சினை பிடிக்கும் என்பதால், திரும்பி வந்த பிறகும் இரண்டும் தனித்தனிக் கூண்டிலேயே இருக்கட்டும்.