பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகள்

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் அரண்மனை மாதிரி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஏன் அப்படியே விட்டுவிட்டார்கள்? உள்ளே போய்ப் பார்க்க முடியுமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: விட்டுவிட்டார்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டித் தொழில் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய வீடுகள் இவை. 1942-ல் பர்மாவில் ஜப்பான்காரன் நுழைந்ததோடு பலருக்கு அங்கிருந்த சொத்தே கைவிட்டுப் போனது. அப்புறம் ஒரே வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் பெருகி, ஒருவர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்க, ஓடு மாற்றக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றால் எப்படி நடக்கும்?

உள்ளே போனால் முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு, பெயின்ட் பார்க்காமலேயே இன்னும் பளபளவென்று வழுக்கும். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி பர்மா தேக்குத் தூண்கள், காலடியில் ஆத்தங்குடிக் கல் என்று சொல்லும் கையால் வார்த்த சிமென்ட் தரை ஓடு. மழைநீர் இறங்கும் மூலையில் மட்டும் பச்சை பிடித்து, உத்தரம் உளுத்திருக்கும். ஓடு நகர்ந்தால் முதல் அடி அங்கேதான்.

சுவர் ஏறிக் குதிக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு காவலாளி இருப்பார், கேட்டுப் பாருங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். ஹோட்டலாக மாறிய வீடுகளைத் தாராளமாகப் பார்க்கலாம். தூண், கதவு என்று கழற்றி காரைக்குடிக் கடைகளில் விற்பதை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள், எனக்கு அது பொறுக்கவே இல்லை.