கண்ணை மூடினால் லோக்கல் ரயில் ஓடுகிறது

கேள்வி: 7 மாதமாகத் தினமும் காலையில் 20 நிமிடம் தியானத்தில் உட்காருகிறேன். கண்ணை மூடினால் வீட்டுக்கடன், மேனேஜர் முகம், விட்டுப்போன லோக்கல் எல்லாம் வரிசைகட்டி வருகின்றன. அமைதி வந்தபாடில்லை. மனைவி மட்டும், "முன்ன மாதிரி நீங்க எரிஞ்சு விழறதில்லை" என்கிறாள். தொடரலாமா? பிபி மாத்திரையை நிறுத்தலாமா? நண்பர்கள் இகத்புரி தியான முகாமுக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?
- வாசகர், டோம்பிவிலி

பதில்: முதல் கேள்விக்கு உங்கள் மனைவியே பதில் சொல்லிவிட்டார், நீங்கள்தான் காதில் வாங்கவில்லை. மூச்சைக் கவனிக்கிறீர்கள், மனம் ஓடுகிறது, ஓடிவிட்டதே என்று உறைக்கிறது, திரும்ப இழுத்து வருகிறீர்கள். இதுதான் பயிற்சியே. 50 தடவை ஓடி 50 தடவை இழுத்து வந்தால் அன்றைக்கு நன்றாகவே செய்திருக்கிறீர்கள் என்று கணக்கு. (எனக்கு முதல் வருடம் முழுக்கத் தூக்கம்தான் வந்தது.) மாதக்கணக்கில் செய்துவர, கோபம் வருவதற்கும் வாய் திறப்பதற்கும் நடுவில் ஒரு நொடி கிடைக்கிறது, ஃபாஸ்ட் லோக்கலில் யாராவது செருப்புக் காலால் மிதித்தால்கூட. வீட்டில் தெரிந்தது அந்த ஒரு நொடிதான்.

அதற்காக வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பவேண்டாம். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979ல் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்த 8 வார தியான வகுப்புதான் இன்றைய ஆய்வுகள் பலவற்றுக்கும் அடிப்படை. 2014ல், 3,500 பேருக்கு மேல் கலந்துகொண்ட 47 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஓரளவு குறைகின்றன, ஆனால் உடற்பயிற்சியையோ மருந்தையோ விட உசத்தி என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வந்தது. 8 வாரத்தில் மூளையின் அமைப்பே மாறும் என்றார்களே, 200 பேருக்கு மேல் வைத்துச் சோதித்து 2022ல் வெளியான ஆய்வில் அப்படி ஒன்றும் தட்டுப்படவில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. தியானத்தால் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கலாம், ஆனால் டோஸைக் குறைப்பது டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டியது.

அப்புறம் இகத்புரி. கசாராவோடு நம் மும்பை லோக்கல் முடிந்துவிடும், அதற்கப்பால் மலை ஏறினால் தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா 1976ல் தொடங்கிய விபாசனா தியான மையம். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். 10 நாள் முகாம், போனை வாங்கி வைத்துவிடுவார்கள், கிட்டத்தட்ட கடைசிவரை சக பயிற்சியாளர்களோடு பேச்சே கிடையாது, விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காரவேண்டும். 20 நிமிடத்துக்கே நெளிகிறவருக்கு முதல் மூன்று நாள் முதுகு கெஞ்சும், அந்த மூன்று நாளும் வெறும் மூச்சைப் பார்ப்பதிலேயே போய்விடும். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவேண்டாம், சிலருக்கு அது தொல்லையைக் கிளறிவிடும். உங்களுக்கு லீவு கிடைத்தால் தாராளமாகப் போய்வாருங்கள். பிபி இருப்பதை விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள், மாத்திரை அட்டையைப் பையில் முதலில் வையுங்கள்.