கடிகாரமா, காலமா? – கடிதம்

அன்புள்ள சார்,

ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகம் பற்றிய கட்டுரையில், சமவெளியைவிட மலைமேல் காலம் சற்று வேகமாக ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். என் தாத்தா டீ ஃபேக்டரியில் டீ மேக்கர். கீழே வாங்கிய பெண்டுலக் கடிகாரம் குன்னூரில் பிந்தும், திருகைச் சரிசெய்ய வேண்டும் என்பார். நீங்கள் சொல்வது நேர் எதிராக இருக்கிறதே? மாறுவது கடிகாரம்தானே, காலமே மாறுகிறது என்பது எப்படி? அணு அளவிலான துகள்களின் விதியான குவாண்டமும், ஈர்ப்பைப் பற்றிய ஐன்ஸ்டைனின் கோட்பாடும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் எது தவறு?

ஆர்.,
குன்னூர்

அன்புள்ள ஆர்.,

தாத்தா சொன்னது சரி. பெண்டுலம் ஆடுவதே புவி இழுப்பதால்தான். உயரே போனால் இழுப்பு குறையும், ஆட்டம் நிதானமாகும், நாளொன்றுக்குப் பல நொடிகள் பிந்தும். ஆனால் அது பெண்டுலத்தின் சமாசாரம். பக்கத்திலேயே ஒரு குவார்ட்ஸ் வாட்ச்சை வைத்தால் அது அப்படிப் பிந்தாது. ஐன்ஸ்டைன் சொல்லும் வித்தியாசமோ எந்தக் கடிகாரத்தையும் விடாது. கடல்மட்டத்தைவிட ஊட்டியில் நாளொன்றுக்குச் சுமார் 20 நானோ நொடி, அதாவது ஒரு நொடியை 100 கோடியாகப் பிரித்தால் அதில் 20 பங்கு, முந்தும்.

இது மேலே இழுப்பு குறைவு என்பதால் வருவதும் அல்ல. பலர் இங்கேதான் வழுக்குவார்கள். இழுப்பு மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தாலும் மேலிருக்கும் கடிகாரம் முந்தவே செய்யும். கீழிருந்து மேலே ஏற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதுதான் கணக்கு.

மாறுவது கடிகாரம்தானே என்ற கேள்விக்கு மியூவான் என்ற நுண்துகளைக் கூப்பிடுகிறேன். விண்வெளித் துகள்கள் காற்றில் மோதும்போது சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் இதன் சராசரி ஆயுள் நொடியின் 10 லட்சத்தில் 2.2 பங்கு. ஒளிவேகத்தை ஒட்டி வந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். அப்படிப் பார்த்தால் பல கோடியில் ஒன்றுதான் ஊட்டிக்கு வந்து சேர வேண்டும். அங்குள்ள கிரேப்ஸ்-3 கருவியோ நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறது. இங்கே காலத்தை நீட்டுவது உயரம் அல்ல, வேகம். இத்தகைய துகள்கள் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டுக்கு நேரடிச் சோதனையாகும் என்று ஹோமி பாபா 1938-லேயே எழுதிவிட்டார். (நாம் அவரை அணு உலையோடு நிறுத்திவிடுகிறோம்.)

மியூவானுக்குள் பெண்டுலமும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. அதற்கு வயதே ஆவதில்லை. இந்தக் கணம் பிறந்ததும், பிறந்து வெகுநேரம் ஆனதும் அச்சு அசல் ஒன்றுதான். எது எப்போது சிதையும் என்பதற்குக் குவாண்டம் விதி வெறும் நிகழ்தகவைத்தான் தருகிறது. பழுதாக இயந்திரமே இல்லாத ஒன்று தாமதமாகச் சிதைகிறது என்றால், பழியை எந்தத் திருகின் மேல் போடுவது?

இதே மியூவானில் குவாண்டமும் சார்பியலும் சேர்ந்தே வேலை செய்வதைக் கவனியுங்கள். வேகம் பற்றிய சிறப்புச் சார்பியலோடு குவாண்டத்தை 1928-லேயே இயற்பியலாளர் டிராக் தன் சமன்பாட்டில் இணைத்துவிட்டார். ஈர்ப்போடும் பாதி ராசிதான். 1975-ல் அமெரிக்காவில் நியூட்ரான் கற்றையை இரு பாதைகளாகப் பிரித்து, ஒன்றைச் சில செ.மீ. உயரே அனுப்பி மீண்டும் சேர்த்தார்கள். ஈர்ப்பு உண்டாக்கிய அலை வித்தியாசம் குவாண்டம் கணக்கை ஒட்டியே வந்தது.

அதாவது, குவாண்டம் விதிப்படி ஒரே சமயத்தில் இரு பாதையிலும் போகும் துகளைப் புவி எப்படி இழுக்கிறது என்பது தெரியும். அந்தத் துகள் மற்றதை எந்த இடத்திலிருந்து இழுக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. சண்டை என்று சொல்வதெல்லாம் இங்கேதான். அளந்து பார்க்கலாமே என்றால், 2021-ல் வியன்னாவில் ஈர்ப்பு அளக்கப்பட்ட தங்கக் குண்டு 90 மில்லிகிராம். அதே ஊரில் 2019-ல் இரட்டைப் பாதையில் போன மூலக்கூறில் இருந்தவை சுமார் 2000 அணுக்கள். இரண்டின் எடைக்கும் இடையே 18 பூஜ்ஜியங்கள் கொண்ட மடங்கு வித்தியாசம்; அளக்க இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

பெரிய பொருளில் ஈர்ப்பே அந்த இரட்டை நிலையைக் கலைத்துவிடும், எனவே திருத்த வேண்டியது குவாண்டத்தை என்கிறார் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ். அந்த யோசனையின் எளிய வடிவத்துக்கு இத்தாலியின் கிரான் சாஸோ நிலவறைச் சோதனை பெரிய அடி கொடுத்திருக்கிறது. ‘எது தவறு’ என்று என்னிடம் கேட்டால், ஈர்ப்பும் குவாண்டம் விதிக்குள் வரும், திருத்தம் ஐன்ஸ்டைன் பக்கம்தான் நடக்கும் என்பேன். என் ஊகம், அவ்வளவுதான்.

அன்புடன்