கடையில் வாங்கிய ஹைபிரிட் தக்காளியின் விதை முளைக்குமா?

மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் வாங்கிய பெங்களூர் ஹைபிரிட் தக்காளியின் விதையைப் போட்டால் அதே காய் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முளைக்கும், காய்க்கவும் செய்யும். அதே காய் வரும் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.

ஹைபிரிட் என்பது இரண்டு வேறு ரகங்களைச் சேர்த்த முதல் தலைமுறை. அந்தச் செடிகள் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். அதனால் அடுத்த தலைமுறையில் தாத்தா பாட்டி குணங்கள் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி பிரிந்து வரும். என் மாடியில் ஒரே பழத்து விதையில் வந்த நான்கு செடிகளில் ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று நல்ல புளிப்பு. நான்காவது வெறும் இலை! ரசத்துக்கு அந்தப் புளிப்புக் காய்தான் பிடித்தது.

பிடித்த செடியிலிருந்தே விதை எடுத்து, ஆறேழு தலைமுறை தொடர்ந்தால் குணம் ஓரளவு நிலைக்கும். நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு போனதும் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் பூ உதிரும், ஆடிக்கு மேல் விதையுங்கள்.

இவ்வளவு பொறுமை இல்லையா? அன்னஞ்சி என்ற நாட்டுத் தக்காளி ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய பி.கே.எம். 1 ரக விதையை வாங்குங்கள். அது ஹைபிரிட் அல்ல, விதை எடுத்துப் போட்டால் அதே காய்தான்.