சிக்கனமாக வாழ்வதற்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்? அது வெறும் கஞ்சத்தனம் இல்லையா?

இல்லை. கஞ்சன் தனக்காக மிச்சம் பிடிக்கிறான். இங்கே மிச்சம் பிடிப்பது இன்னொருவருக்காக.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்தபோது, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருப்பார். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து பாட்டிலில் போடுவார். பிடியரிசிக் காணிக்கை. பல சபைகளில் இன்றும் உண்டு. கவனியுங்கள், உலைக்கு அளந்த பிறகுதான் எடுப்பார். அதாவது அன்றைக்கு எங்கள் சோற்றில் ஒரு பிடி குறையும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப்போட்டபோது, அந்த அரிசிதான் கூரை பறந்த பக்கத்து வீட்டுக்குக் கஞ்சியானது.

வேதத்திலும் இதே போக்குதான். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு ஐயாயிரம் பேரைப் போஷித்த இயேசு, உடனே மீதித் துணிக்கைகளைச் சேர்த்துவைக்கச் சொல்கிறார் (யோவான் 6:12). பன்னிரண்டு கூடை! அற்புதம் செய்யத் தெரிந்தவருக்கே வீணடிக்க மனசு வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமமோ வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவர்களுக்கு விடச் சொல்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் நாற்பது நாளில் ஒன்றை விடுங்கள், மாலை டீயோ வடையோ. அப்புறம் அந்தக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். யாருக்குக் கொடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது வீட்டுச் செலவிலேயே கரைந்துவிடும்.