விளக்கணைத்த பிறகு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 42 வயது. பிள்ளைகள் தூங்கிய பிறகு பேய்ப்படம் பார்ப்பதுதான் எனக்குள்ள ஒரே பொழுதுபோக்கு. "காசு கொடுத்துப் பயத்தை வாங்குகிறாயே" என்று கணவர் கடிந்துகொள்கிறார். உங்களுக்கும் இந்தப் பித்து உண்டு என்று பலமுறை எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, எனக்கு இந்தப் பித்து பிடித்த இரவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். எனக்கு எட்டு வயது. கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், பாய் விரித்துப் படுத்திருப்போம். நடுவில் ஆச்சி. அன்று அவள் எடுத்த கதை பழையனூர் நீலி. கணவன் கையால் கொலையுண்ட ஒரு பெண் பேயாகி, அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்" என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். வேளாளர் எழுபது பேர் அந்த அழுகையை நம்புகிறார்கள். அவன் தற்காப்புக்கு வைத்திருந்த மந்திரக் கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, "உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்" என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

கதவு சாத்தியதும் ஆச்சி கதையை நிறுத்திவிட்டாள். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தாள். பாக்கை வெட்டினாள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைத் தடவினாள். அந்தப் பாக்குவெட்டியின் 'கடக்' ஒலி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு மூச்சு விடாமல் கிடந்தோம். அத்தை மகனும் நானும் அதுவரை மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. அன்று அவன் கையைத்தான் நான் இறுகப் பிடித்திருந்தேன்.

விடிந்து கதவைத் திறந்தால் வணிகன் இறந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். கதை முடிந்து வெகுநேரம் கழித்து ஆச்சி மெல்லிய குரலில் சொன்னாள்: "பாவம், அவள் செத்தபோது கேட்பதற்கு ஒரு ஆள் வரவில்லையே."

எனக்குப் பேய்க்கதை பிடித்துப்போனதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். போலி அழுகையை 'நீலிக் கண்ணீர்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் நீலிக்கு அழுவதற்குக் காரணம் இருந்தது. நம் ஊர்ப் பேய்களில் பெரும்பாலானவை வழக்கு நிலுவையில் உள்ளவை. உயிரோடு இருந்தபோது கேட்கப்படாத முறையீட்டை இறந்த பிறகு கொண்டுவந்து நம் வாசலில் வைக்கின்றன. நல்ல பேய்க்கதையைப் படிக்கும்போது உடம்பு நடுங்குகிறது, அதே நேரம் மனம் அந்தப் பேயின் பக்கம் சாய்கிறது. வேறு எந்த வகைக் கதையிலும் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து பயப்படும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, எல்லாம் முடிந்ததும் உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சியும் நிம்மதியும் பரவுகிறது. பகலெல்லாம் வீட்டையும் பிள்ளைகளையும் பற்றி உண்மையாகவே பயந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, முடிவு தேதி உள்ள பயம் ஒரு ஓய்வு. ஒரு நாள் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தமிழில் பயங்கரக் கதை படிக்கத் தொடங்குபவர் எதை முதலில் எடுக்கலாம்?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. தயங்காமல் சொல்கிறேன். தூக்கம் வராத ஒரு இரவு, எங்கிருந்தோ வந்து மறையும் ஒரு வாசனை, பிச்சை கேட்டு வந்து வீட்டு வேலைக்குச் சேரும் ஒரு பெண். இவ்வளவுதான் கதையின் சரக்கு. கதை சொல்பவன் ஒரு எழுத்தாளன். கற்பனை எது, கண்ணால் கண்டது எது என்று அவனாலேயே பிரிக்க முடியாமல் போகிறது. கோவில்பட்டிக் கிளை நூலகத்தில் பதினாறு வயதில் அதைப் படித்தேன். சன்னலோர மேசை, மாலை ஐந்தரை மணி, வெளியே நல்ல வெளிச்சம். படித்து முடித்ததும் வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். வாசனை எதுவும் வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

அதற்குப் பிறகு கொஞ்சம் பழைய தமிழுக்குப் போங்கள். 'கலிங்கத்துப் பரணி'யில் பசித்த பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. பல் துலக்கி, குளித்து, அடுப்புக் கூட்டி, பரிமாறி உண்பது வரை ஒரு விருந்துக்குரிய ஒழுங்கோடு செயங்கொண்டார் பாடிச் செல்கிறார். காரைக்கால் அம்மையாரோ பேய் வடிவத்தை இறைவனிடம் கேட்டு வாங்கியவர். திருவாலங்காட்டுப் பதிகத்தில் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாக ஒரு பெண்பேய் காட்டில் அலறித் திரிகிறது. அந்தச் சுடுகாட்டில்தான் ஈசன் ஆடுகிறான். உரையோடு படியுங்கள், அவசரம் வேண்டாம்.

கேள்வி: டிராகுலா மேல் வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவார் என்று என் நண்பன் பந்தயம் கட்டுகிறான். நாவலில் அப்படி இருக்கிறதா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறார். பகலில் அவருடைய சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் அவர் இறப்பதும் கத்தியால்தான். ஒரு கத்தி கழுத்தில், இன்னொன்று இதயத்தில்.

வெயில் சங்கதி 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்பெராட்டு' என்ற மௌனப்படத்திலிருந்து வந்தது. அனுமதி வாங்காமல், பெயர்களை மாற்றி அந்த நாவலைப் படமாக்கிவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு வென்றார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. ஆனால் சில பிரதிகள் தப்பிவிட்டன. அழிக்கச் சொன்ன படம் சாகாமல் கிடந்து, ரத்தக் காட்டேரிக்கு வெயில் ஆகாது என்ற நம்பிக்கையை உலகத்துக்கே கொடுத்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் பேய்க்கதை எழுதி வைத்திருக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள், சாப்பிடுகிறாள், தோழிகளும் உண்டு. ஆனாலும் யாரிடமாவது காட்ட வேண்டுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: காட்டத்தான் வேண்டும், நல்ல வாசகரிடம். நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, தோழிகளோடு சிரிக்கும் பெண்ணிடம் உள்ள குறைதான் என்ன? அவளுக்கு ஒரு தனி நோட்டு வாங்கிக் கொடுங்கள். கணக்கு நோட்டு தப்பிக்கும்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தை மறைத்ததால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த சில நண்பர்கள் ஓயாத மழையால் வீட்டுக்குள் அடைபட்டார்கள். "ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்" என்றார் கவிஞர் பைரன். அந்தக் கூட்டத்தில் இருந்த மேரிக்கு அப்போது 18 வயது. அவர் எழுதத் தொடங்கியதுதான் 'பிராங்கன்ஸ்டைன்'. 1818இல் அச்சானபோது அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. படைத்தவனே கைவிட்ட ஒரு உயிர், "என்னை ஏன் உண்டாக்கினாய்?" என்று கேட்கும் கதை அது. அங்கேயும் ஒரு முறையீடுதான்.

மகள் எழுதியதை அவள் அனுமதியோடு படியுங்கள். பயந்தால் பயந்தேன் என்று அவளிடம் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய பரிசு அவளுக்கு இல்லை.

கேள்வி: இப்போதைய பேய்ப்படங்களில் காது கிழிகிறது, ஆனால் பயம் வரவில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: பின்னால் வந்து 'பே' என்று கத்தினால் யாரும் திடுக்கிடுவார்கள். அது நரம்பின் வேலை. மறுநாள் நினைவில் நிற்காது. பயம் ஊற வேண்டும், அதற்கு அமைதி வேண்டும். என் ஆச்சிக்குத் தெரிந்திருந்த இந்த ரகசியத்தைப் பல இயக்குநர்கள் மறந்துவிட்டார்கள். கதவு திறப்பதற்கு முன்பே இசை வந்து "இப்போது பயப்படு" என்று கட்டளை இடுகிறது. பயந்தால் போதாது என்று அடுத்த நிமிடமே ஒரு நகைச்சுவைக் காட்சியையும் வைத்துவிடுகிறார்கள். தமிழ்த் திரையில் பேயும் சிரிப்பும் கூட்டு வியாபாரம் ஆகிவிட்டதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. சிரித்த கூட்டத்தை மறுபடி அமைதிக்குக் கொண்டுவருவது எளிதல்ல.

இசையே கூடாது என்று சொல்லவில்லை. 1960இல் வந்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் வைத்து அமைத்த இசையைக் கேட்ட பிறகு மனத்தை மாற்றிக்கொண்டார். அந்த வயலின்களின் கீச்சொலி கத்திக்கு நிகரானது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு போதுமானதாக இருந்தது.

1998இல் வந்த ஜப்பானியப் படம் 'ரிங்கு'வைப் பாருங்கள். கிணற்றிலிருந்து வரும் பெண்ணின் நடை பார்ப்பவரை என்னவோ செய்யும். நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படம் பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். கால் முன்னே வருகிறது, உடம்பின் எடை வேறு எங்கோ சாய்கிறது. மனித நடை இல்லை என்பதைக் கண்ணுக்கு முன்பே முதுகுத்தண்டு கண்டுகொள்கிறது.

தமிழில் நான் விரும்புவது 2009இல் வந்த 'யாவரும் நலம்'. வீட்டுப் பெண்கள் மதியம் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் அந்த வீட்டில் நடப்பதே நடக்கிறது. பாழடைந்த பங்களா கிடையாது, ஆலமரம் கிடையாது. புதிதாகக் குடிபோன அடுக்குமாடி வீடு, கூடம், குக்கர் சத்தம். படம் பார்த்துத் திரும்பிய அன்று எங்கள் வீட்டிலும் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

கேள்வி: நேராகக் கேட்கிறேன். பேய் உண்டா?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: நான் பார்த்ததில்லை. நம்பவும் இல்லை. ஆனால் நள்ளிரவில் நல்ல கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போது இதே கேள்வியைக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை கதவைப் பார்ப்பேன்.

கேள்வி: நீலியின் ஊர் இன்னும் இருக்கிறதா? போய்ப் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்களுக்கு அது பக்கம்தான். அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் திருவள்ளூர் தாண்டித் திருவாலங்காட்டில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஆட்டோ கிடைக்கும். நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தினசபை அங்கேதான் இருக்கிறது. காரைக்கால் அம்மையாரையும் அங்கே வணங்கலாம். பழையனூர் அதற்கு அடுத்தாற்போல. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் ஒருத்தி வஞ்சித்து உயிர் கொண்டதைக் குறிப்பிடுகிறார். அவ்வளவு பழைய கதை. தீயில் இறங்கிய எழுபது பேருக்கும் பழையனூரில் நினைவு மண்டபம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில் போயிருந்தேன். எழுபது பேரையும் வணங்கினேன். திரும்பும் வழியில் வயலோரம் கள்ளிச்செடி ஒன்று நின்றது. கொம்பை ஒடிக்கவில்லை. ஆச்சியின் நினைவாக, கையில் மிச்சமிருந்த வெற்றிலை பாக்கை அதன் அடியில் வைத்துவிட்டு வந்தேன்.